பொம்மைக் கழுத்தில் பழகினால் நோயாளிக்கு என்ன பலன்?

கேள்வி இது: "என் மகள் எம்.டி. அனஸ்தீசியா முதலாம் ஆண்டு சேர்ந்திருக்கிறாள். முதல் மூன்று வாரம் நோயாளி பக்கமே விடவில்லையாம். சிமுலேஷன் லேப் என்று ஓர் அறையில் ரப்பர் பொம்மைக்கு ஊசி குத்திப் பழகச் சொல்கிறார்களாம். ஒவ்வொரு பொம்மையும் லட்சக்கணக்கில் விலை என்கிறாள். நோயாளியைத் தொட்டுக் கற்றுக்கொள்வதுபோல் இது வருமா? இதனால் தவறுகள் நிஜமாகவே குறைந்ததற்கு ஆதாரம் இருக்கிறதா, இல்லை, வெறும் பகட்டா?"

ஆதாரம் இருக்கிறது ஐயா. நல்ல ஆதாரம், எண்ணிக்கையோடு இருக்கிறது. அதே சமயம், பொம்மை வாங்கி வைத்த எல்லா இடத்திலும் பலன் கிடைத்துவிடவில்லை. எங்கே கிடைத்தது, எங்கே கிடைக்கவில்லை என்று சேர்த்துப் பார்த்தால்தான் உங்கள் மகளின் அந்த மூன்று வாரம் எதற்கு என்று புரியும். நானும் ஒரு மயக்க மருத்துவர். பல வருடமாக பி.ஜி. மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் என் கதை. நான் பி.ஜி. படித்த காலத்தில் பொம்மை எதுவும் கிடையாது. ஒரு முறை பார், ஒரு முறை செய், அடுத்தவனுக்குச் சொல்லிக்கொடு. அவ்வளவுதான் பாடத்திட்டம். ஒரு நாள் இரவு டியூட்டியில், ரத்த அழுத்தம் சரிந்துபோன பெரியவர் ஒருவருக்குக் கழுத்தில் சென்ட்ரல் லைன் போட வேண்டியிருந்தது. சீனியர் சொன்னார்: "நேத்து நான் போட்டதைப் பார்த்தேல்ல? இன்னிக்கு நீ போடு." பார்த்திருந்தேன்தான், அவருடைய முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு.

சென்ட்ரல் லைன் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். கழுத்தின் பக்கவாட்டில், இதயத்தை நோக்கி இறங்கும் பெரிய சிரை ஒன்று இருக்கிறது. நாம் பேச்சில் நரம்பு என்று சொல்வோமே, அந்த ரத்தக் குழாய். ரத்த அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்கும் கடுமையான மருந்துகளைக் கையில் உள்ள சின்ன நரம்பில் வெகுநேரம் ஏற்ற முடியாது, புண்ணாகிவிடும். அதனால் இந்தப் பெரிய சிரைக்குள் ஒரு நீளமான குழாயை இறக்குவோம். சிரையை ஒட்டியே, பல பேருக்கு அதற்கு அடியிலேயே, மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனி ஓடுகிறது. ஊசி சற்றுக் கீழே தாழ்ந்து போனால் நுரையீரலின் மேல்முனை. எல்லாம் ஒரு விரற்கடை இடத்துக்குள்.

அன்று என் ஊசி தமனிக்குள் போனது. சிரையின் ரத்தம் கருஞ்சிவப்பாக மெதுவாக வரும். எனக்கு வந்தது பளிச்சென்ற சிவப்பு, ஊசியின் பின்பக்கம் துடித்துத் துடித்து வெளியே அடித்தது. ஊசியை உருவிவிட்டு விரலால் அழுத்திக்கொண்டு கால் மணி நேரத்துக்கு மேல் நின்றேன். முகத்தில் துணி மூடியிருந்ததால் அந்தப் பெரியவருக்கு எதுவும் தெரியவில்லை. உள்ளே இருந்து, "ஆச்சா தாயி?" என்று மட்டும் கேட்டார். அவருக்கு நல்லபடியாக முடிந்தது. ஊசியோடு தப்பித்தோம். அந்தத் துளை வழியாக, துளையைப் பெரிதாக்கும் டைலேட்டரை ஏற்றியிருந்தால் கதையே வேறு. ஆனால் அந்தக் குரல் இன்றும் எனக்குக் கேட்கிறது. என் முதல் தவறை அவருடைய கழுத்தில்தான் செய்ய வேண்டும் என்று எந்த அவசியமும் இல்லை. என் முதல் தடவை என்று யாரும் அவரிடம் சொல்லவும் இல்லை.

இதே சென்ட்ரல் லைனில்தான் மிகத் தெளிவான ஆதாரமும் இருக்கிறது. அமெரிக்காவின் சிகாகோவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி பார்சக், டயான் வேன், வில்லியம் மெக்கேகி ஆகியோர் அடங்கிய குழு ஒரு திட்டம் வைத்தது. ஐ.சி.யூ.வுக்கு வரும் பயிற்சி மருத்துவர்கள் எல்லாரும் முதலில் பொம்மையில் சென்ட்ரல் லைன் போட்டுக் காட்ட வேண்டும். 27 படிகள் கொண்ட ஒரு பட்டியலை வைத்து மதிப்பெண். கை கழுவியது, தலை முதல் கால் வரை துணி விரித்தது, அல்ட்ராசவுண்டில் சிரை எது தமனி எது என்று பார்த்தது, குழாய்க்கு வழிகாட்டும் மெல்லிய கம்பியான கைடு ஒயரின் நுனியை ஒரு நொடிகூடக் கைவிடாமல் பிடித்திருந்தது என்று எல்லாமே அதில் வரும். குறைந்தபட்ச மதிப்பெண்ணைத் தொடாதவர் திரும்பப் பழக வேண்டும், திரும்பச் செய்துகாட்ட வேண்டும். தேறும்வரை நோயாளியிடம் போகக் கூடாது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: எத்தனை நேரம் பழகுகிறார் என்பது ஆளுக்கு ஆள் மாறலாம், தேறும் அளவு மட்டும் மாறாது. நம் படிப்பில் வழக்கமாக இது தலைகீழாக இருக்கும். எல்லாருக்கும் ஒரே ஆறு மாதம். அதற்குள் கற்றவர் கற்றார், கல்லாதவரும் வெளியே போய்விட்டார்.

2009-இல் அவர்கள் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். குழாய் வழியாக ரத்தத்தில் கிருமி ஏறுவதை, ஆயிரம் குழாய்-நாளுக்கு எத்தனை என்று எண்ணுவார்கள். நூறு பேருக்குத் தலா பத்து நாள் குழாய் இருந்தால் ஆயிரம் குழாய்-நாள். அந்த ஐ.சி.யூ.வில் பயிற்சிக்கு முன் அது 3.20. பயிற்சி முடித்தவர்கள் வந்த பிறகு 0.50. அதே ஆஸ்பத்திரியில் இந்தப் பயிற்சி இல்லாத இன்னொரு ஐ.சி.யூ.வில் அதே காலத்தில் 5.03. அடுத்த வருடம் செலவுக் கணக்கும் போட்டார்கள். பயிற்சிக்கு வருடத்துக்குச் சுமார் 1,12,000 டாலர் செலவு, தவிர்த்த கிருமித் தொற்றுகளால் மிச்சமானது 7,00,000 டாலருக்கு மேல். ஒன்று போட்டால் ஏழு. பொம்மை விலையைப் பற்றிக் கேட்டீர்களே, அதற்கு இந்த ஒரு கணக்கே போதும் என்று நினைக்கிறேன்.

பொம்மையில் ஊசி குத்திப் பழகினால் கிருமி ஏன் குறைய வேண்டும் என்று என் மாணவர்களே கேட்பார்கள். நியாயமான கேள்வி. இடம் தெரியாமல் தடுமாறுகிறவர் நாலு முறை குத்துவார். ஒவ்வொரு குத்தும் தோலில் இருக்கும் கிருமிக்கு ஒரு கதவு. அதோடு, தடுமாறும்போது மனம் முழுக்க ஊசி நுனியில் இருக்கும். கையுறை எதில் உரசியது, துணி எங்கே விலகியது என்று பார்க்க மனதில் இடம் இருக்காது. பொம்மையில் ஊசி வேலை கைக்கு வந்துவிட்டால், நோயாளிக்கு முன்னால் நிற்கும்போது அந்த இடம் காலியாக இருக்கும். புதிதாக சைக்கிள் ஓட்டுகிறவன் பெடலைப் பார்ப்பான், பழகியவன்தான் சாலையைப் பார்ப்பான்.

அதே குழு இன்னொரு வேலையும் செய்தது. ஏற்கெனவே பல வருடம் அனுபவம் உள்ள மூத்த மருத்துவர்களை அதே பொம்மையில் சோதித்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவர்கள் அந்தத் தேர்ச்சி மதிப்பெண்ணைத் தொடவில்லை. இதைப் படித்தபோது எனக்கு உறுத்தியது. நூறு முறை செய்துவிட்டேன் என்பதால் நூறு முறையும் சரியாகச் செய்தேன் என்று ஆகாது. யாரும் பக்கத்தில் நின்று பார்த்துச் சொல்லாவிட்டால், ஒரே தவறை நூறு முறை செய்தும் அனுபவசாலி ஆகிவிடலாம்.

இப்போது பிரசவ அறைக்கு வருவோம். குழந்தையின் தலை வெளியே வந்துவிடும், தோள் மட்டும் தாயின் இடுப்பு எலும்பின் முன்பக்கத்தில் மாட்டிக்கொள்ளும். தோள் சிக்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில நிமிடங்களுக்குள் எடுக்காவிட்டால் குழந்தைக்கு மூச்சு போய்விடும். பதறிப்போய்த் தலையைப் பிடித்து இழுத்தால் கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புக் கற்றை (ரத்தக் குழாய் இல்லை, கையை அசைக்க வைக்கும் நிஜ நரம்பு) அறுபடலாம், அந்தக் கை வாழ்நாள் முழுக்கத் தொங்கிவிடலாம். செய்ய வேண்டியது என்ன என்று புத்தகத்தில் இருக்கிறது. தாயின் தொடைகளை வயிற்றோடு சேர்த்து மடக்க வேண்டும், அடிவயிற்றில் அழுத்த வேண்டும், அப்போதும் வராவிட்டால் உள்ளே கை விட்டுக் குழந்தையின் பின்பக்கக் கையை எடுக்க வேண்டும். புத்தகத்தில் இது நாலு வரி. அந்த அறையில் தாய் அலறுகிறாள், எல்லாரும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள், குழந்தையின் முகம் நீலமாகிக்கொண்டிருக்கிறது. இந்தச் சிக்கல் அபூர்வமாகத்தான் வரும் என்பதால், ஒரு மருத்துவர் பயிற்சிக் காலம் முழுவதும் ஒன்றிரண்டைப் பார்த்தாலே அதிகம். நோயாளியிடம்தான் கற்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், கற்றுக்கொள்ளவே வாய்ப்பில்லாத வேலை இது.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தின் சவுத்மீட் ஆஸ்பத்திரியில் இதற்கென்று இடுப்பெலும்பும் குழந்தையும் கொண்ட பொம்மை செய்து, டாக்டர்கள், மிட்வைஃப் என்ற பிரசவம் பார்க்கும் செவிலியர்கள் எல்லாரையும் வருடா வருடம் ஒன்றாக உட்கார வைத்துப் பழக்கினார்கள். இழுக்கும்போது எவ்வளவு விசை கொடுக்கிறோம் என்று காட்டும் பொம்மையும் பயிற்சியில் வந்தது. டிம் டிரேகாட் குழு 2008-இல் வெளியிட்ட கணக்கு இது: பயிற்சிக்கு முன் தோள் சிக்கல் வந்த 324 பிரசவங்களில் 30 குழந்தைகளுக்குக் காயம். பயிற்சிக்குப் பின் 262-இல் 6. தொடையை மடக்கும் அந்த எளிய முதல் படியையே முன்பு நூற்றுக்கு 29 பிரசவங்களில்தான் செய்திருந்தார்கள், பின்னர் அது 87 ஆனது. பன்னிரண்டு வருடம் கழித்துத் திரும்பப் பார்த்தபோது, நிரந்தரமாகக் கை தொங்கிப்போன குழந்தை ஒன்றுகூட இல்லை. மருத்துவ ஆராய்ச்சியில் பூஜ்யம் என்ற எண்ணை அடிக்கடி பார்க்க முடியாது. அதைப் படித்த அன்று வீட்டில் போய் என் கணவரிடம் சொன்னேன், அவருக்கும் மருத்துவத்துக்கும் சம்பந்தமே இல்லை என்றாலும்.

சரி, பலன் கிடைக்காத இடங்கள்? அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிரிஸ்டலில் உருவான அதே பிரசவப் பயிற்சியை ஸ்காட்லாந்தில் பன்னிரண்டு பிரசவ ஆஸ்பத்திரிகளில் கொண்டுபோய் வைத்து ஆராய்ந்தார்கள். பிறந்த ஐந்தாவது நிமிடத்தில் குழந்தையின் நிலையை அளக்கும் மதிப்பெண்ணில், மொத்தமாகப் பார்த்தால், முன்னேற்றம் தெரியவில்லை. 2020-இல் வந்த முடிவு அது.

இன்னும் தெளிவான உதாரணம் தான்சானியாவிலிருந்து. பிறந்தவுடன் மூச்சு விடாத குழந்தைக்கு முதல் ஒரு நிமிடத்துக்குள் பையும் முகமூடியும் வைத்து மூச்சு கொடுக்கப் பழக்கும் ஒரு திட்டம் இருக்கிறது. பொம்மை ரொம்ப எளிது. உள்ளே வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினால் பிறந்த குழந்தையின் கனம் வந்துவிடும், கையில் வாங்கினால் தலை அப்படியே தொய்யும். முதல் முறை தூக்கும்போது சட்டென்று தலையைத் தாங்கத் தோன்றும். அந்த நாட்டின் எட்டு ஆஸ்பத்திரிகளில் இதைக் கொண்டுவந்த பிறகு, முதல் 24 மணி நேரத்தில் இறக்கும் குழந்தைகள் 47 சதவீதம் குறைந்தார்கள் என்று 2013-இல் எழுதினார்கள். ஆனால் அதே நாட்டில் ஹைடோம் என்ற கிராமப்புற ஆஸ்பத்திரியில் வேறு ஒன்று தெரிந்தது. ஒரு நாள் வகுப்பு நடத்திப் பார்த்தார்கள். பொம்மையிடம் எல்லாரும் பிரமாதமாகச் செய்தார்கள். பிரசவ அறையில் பழையபடியே இருந்தார்கள், எதுவும் மாறவில்லை. பிறகு பொம்மையைப் பிரசவ அறையிலேயே வைத்துவிட்டு, வாரம் ஒரு முறை மூன்று முதல் ஐந்து நிமிடம், மாதம் ஒரு முறை நாற்பது நிமிடம் என்று பழகச் சொன்னார்கள். ஆயிரம் குழந்தைகளில் 11.1 ஆக இருந்த முதல் நாள் மரணம் 7.2 ஆகக் குறைந்தது.

அதே பொம்மை, அதே ஆட்கள். மாறியது எங்கே, எத்தனை முறை என்பது மட்டும்தான். நான் இந்த வேலையில் உறுதியாக நம்புவது இதைத்தான்: சாப்பாட்டோடும் சான்றிதழோடும் முடிகிற ஒரு நாள் பட்டறையால் நோயாளிக்கு எதுவும் கிடைக்காது. கையில் ஏறிய வேலை சில மாதங்களிலேயே மங்கத் தொடங்கும். நெஞ்சை அழுத்தி உயிர் கொடுக்கும் சி.பி.ஆர். கூட அப்படித்தான். பாட்டுப் பாடுகிறவர் தினமும் சாதகம் செய்கிறார். வருடத்துக்கு ஒரு சி.பி.ஆர். வகுப்பு போதும் என்று நாம் நினைக்கிறோம்.

அறுவை சிகிச்சைப் பக்கமும் கணக்குகள் இருக்கின்றன, சுருக்கமாகச் சொல்கிறேன். யேல் பல்கலைக்கழகத்தில் பதினாறு பயிற்சி மருத்துவர்களில் பாதிப் பேருக்குக் கம்ப்யூட்டர் சிமுலேட்டரில் லேப்ராஸ்கோப்பி, அதாவது சின்னத் துளை வழியாக கேமரா விட்டுச் செய்யும் அறுவை, பழக்கினார்கள். பிறகு எல்லாரும் நிஜமான பித்தப்பை அறுவை செய்தார்கள். பழகாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தியதும் வேறு இடத்தைச் சுட்டதும் ஐந்து மடங்கு. 2002-இல் வந்த ஆய்வு. பிரிட்டனில் கண்புரை அறுவை பழகும் முதல் இரண்டு ஆண்டு மாணவர்களிடம், லென்ஸ் உறையின் பின்பக்கம் கிழிந்துபோகும் சிக்கல் 2009-இல் 4.2 சதவீதமாக இருந்தது. கண் சிமுலேட்டர்கள் பரவலான பிறகு 2015-இல் 2.6.

இது எல்லாம் மேல்நாட்டுப் புதுமை என்று நினைத்துவிடாதீர்கள். சுஸ்ருத சம்ஹிதையில் மாணவனைப் பழக்குவதற்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. வெட்டிப் பழகப் பூசணி, சுரை, தர்பூசணி, வெள்ளரி. குத்திப் பழகத் தாமரைத் தண்டும், செத்த விலங்கின் ரத்தக் குழாயும். சுரண்டிப் பழக முடி போகாத தோல். தையலுக்குத் தடித்த துணியும் மெல்லிய தோலும். கட்டுப் போட்டுப் பழகத் துணியால் செய்த ஆள் உருவம். எல்லா சாஸ்திரமும் படித்திருந்தாலும் கைப்பழக்கம் இல்லாதவன் வேலைக்குத் தகுதியில்லாதவன் என்பது அந்த அத்தியாயத்தின் சாரம். பதினெட்டாம் நூற்றாண்டு பிரான்சில் மேடம் து கூத்ரே என்ற மருத்துவச்சி, துணியும் தோலும் பஞ்சும் வைத்துத் தைத்த தாய்-சேய் பொம்மையோடு ஊர் ஊராகப் போய் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். பதினைந்தாம் லூயி மன்னர் 1759-இல் கொடுத்த ஆணையின் பேரில். அந்தப் பொம்மைகளில் ஒன்று இன்றும் ரூவான் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படத்தில் பார்த்தால் தெரியும், குழந்தையின் மூக்கு, காது வரை அத்தனை அக்கறையாகத் தைத்திருக்கிறார். சி.பி.ஆர். பழகும் பொம்மையை 1960-இல் செய்தவர் அஸ்முண்ட் லேர்டால், நார்வேயில் விளையாட்டுப் பொம்மை செய்துகொண்டிருந்தவர்.

இதுவரை சொன்னது கைவேலை. எங்கள் துறையில் அதைவிட முக்கியமானது வேறு ஒன்று.

2005-இல் இங்கிலாந்தில் எலைன் பிராமிலி என்ற 37 வயதுப் பெண்மணி, இரண்டு குழந்தைகளின் தாய், ஒரு சாதாரண சைனஸ் அறுவைக்குப் போனார். மயக்கம் கொடுத்த பிறகு மூச்சுக்குழல் அடைத்துக்கொண்டது. அறையில் மூன்று அனுபவசாலி டாக்டர்கள் இருந்தார்கள். வாய் வழியாகக் குழாய் இறக்க முயன்றார்கள், முடியவில்லை. திரும்பத் திரும்ப அதையே முயன்றுகொண்டிருந்தார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் நாற்பது சதவீதத்துக்குச் சரிந்துபோயிருந்தது. கழுத்தில் துளை போட்டு மூச்சுக்கு வழி செய்ய வேண்டிய கட்டம் எப்போதோ வந்துவிட்டது. ஒரு நர்ஸ் அதற்கான கருவித் தட்டைக் கொண்டுவந்து, தயாராக இருக்கிறது என்று சொல்லவும் செய்தார். யார் காதிலும் விழவில்லை. எலைன் 13 நாள் கழித்து இறந்துபோனார். அவருடைய கணவர் மார்ட்டின் பிராமிலி விமானி. விமானத்தில் இப்படி நடந்தால் விசாரித்து எல்லாருக்கும் பாடமாக்குவோமே, இங்கே ஏன் இல்லை என்று கேட்டார். யாரையும் ஜெயிலுக்கு அனுப்ப அவர் கேட்கவில்லை. மருத்துவத்தில் மனிதத் தவறுகள் எப்படி நேர்கின்றன என்று ஆராய 2007-இல் ஒரு அமைப்பைத் தொடங்கினார்.

அந்த மூவருக்கும் வேலை தெரியும். தெரிந்தும் நேரம் கையைவிட்டு நழுவியது, பதற்றத்தில் பார்வை ஒரே புள்ளியில் குத்திட்டு நின்றது, என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்த நர்ஸின் குரல் மேலே எட்டவில்லை. இதைப் படித்துத் திருத்த முடியாது. அதே பதற்றத்தை ஒரு பொம்மையோடு உண்டாக்கி, அதற்குள் நின்று பழக வேண்டும். ஸ்டான்ஃபோர்டில் டேவிட் காபா என்ற மயக்க மருத்துவர் 1980-களின் பிற்பகுதியில் தொடங்கிவைத்தது இதைத்தான்: ஆபரேஷன் தியேட்டர் முழுவதையும் அப்படியே அமைத்து, நெருக்கடி ஒன்றை உண்டாக்கி, குழுவாகச் சமாளிக்க வைத்து, பிறகு வீடியோவைப் போட்டு உட்கார்ந்து பேசுவது.

கழுத்தில் துளை போடும் அந்த வேலையை நாங்கள் பழக்கும் விதத்தைச் சொல்கிறேன், இதற்கு லட்சங்கள் வேண்டாம். முந்தின நாளே ஆட்டுக்கறிக் கடையில் சொல்லிவைத்து, குரல்வளையோடு சேர்த்து மூச்சுக்குழலை வெட்டி வாங்கி வருவோம். ஒரு மரப்பலகையில் வைத்துக் கட்டி, தோலுக்குப் பதிலாக மேலே அகலமான பிளாஸ்டரை இழுத்து ஒட்டுவோம். ஒரு பி.ஜி. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவி, குரல்வளைக் குருத்தெலும்புக்குக் கீழே இருக்கும் அந்தச் சின்னப் பள்ளத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பத்தாம் நம்பர் பிளேடைக் குறுக்காக இறக்கி, கால் திருப்புத் திருப்பி, பிளேடின் ஓரமாகவே பூஜி என்ற வளையும் குச்சியை உள்ளே விட்டு, அதன் மேல் ஆறாம் நம்பர் டியூபை ஏற்ற வேண்டும். பக்கத்தில் மானிட்டரின் சத்தத்தை மொபைலில் ஓட விடுவேன். ஆக்சிஜன் இறங்க இறங்க அந்தப் பீப் சத்தத்தின் ஸ்தாயி கீழே போகும், எங்கள் ஆட்களுக்கு அந்தச் சத்தம் வயிற்றைக் கலக்கும். முதல் முறை எல்லாருக்கும் கை நடுங்கும். பூஜி மூச்சுக்குழலுக்குள் போகாமல் பிளாஸ்டருக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போகும், போனதே தெரியாமல் டியூபையும் ஏற்றுவார்கள். ஐந்தாவது முறை, உள்ளே போன பூஜியின் நுனி குருத்தெலும்பு வளையங்களில் டக் டக்கென்று உரசிப் போவதை விரல் தானாகவே தேடும். கறிக்கடைச் செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும்.

கையால் குழாய் இறக்குவதைவிட, "வாய் வழியா முடியல, கழுத்துல போறேன்" என்று சத்தமாகச் சொல்ல வைப்பதுதான் கஷ்டம். அதனால் அந்த வாக்கியத்தையும் பயிற்சியில் சேர்த்திருக்கிறேன். நர்ஸையும் கூப்பிட்டு நிற்க வைப்பேன். "டாக்டர், சாச்சுரேஷன் ஐம்பது. கழுத்து செட் கையில இருக்கு" என்று (சாச்சுரேஷன் என்றால் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு) அவர் சொல்ல வேண்டும், டாக்டர் அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். முதல் இரண்டு முறை அந்த சிஸ்டர்கள் தயங்கித் தயங்கிப் பேசுவார்கள், டாக்டரிடம் சத்தமாகப் பேசி அவர்களுக்குப் பழக்கமில்லை. மூன்றாவது முறை குரல் வந்துவிடும்.

முடிந்ததும் உட்கார்ந்து பேச வேண்டும். பாதிப் படிப்பு அங்கேதான் இருக்கிறது. நம் ஊரில் இது எளிதில் வருவதில்லை. தவறு செய்த மாணவனை எல்லாருக்கும் முன்னால் திட்டுவதுதான் கற்பித்தல் என்று பல சீனியர்கள் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் திட்டு வாங்கி வளர்ந்தேன், கொஞ்ச காலம் திட்டியும் இருக்கிறேன். திட்டு வாங்கியவன் அடுத்த முறை தவறை மறைக்கக் கற்றுக்கொள்வான். "அந்த நேரத்தில் உனக்கு என்ன தோன்றியது?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தால், அவனே சொல்லுவான்: "மேடம், டியூப் போயிடும்னு நெனச்சேன், இன்னும் ஒரே ஒரு தடவைன்னு நெனச்சேன்." அந்த 'இன்னும் ஒரே ஒரு தடவை'யைத்தான் பிடிக்க வேண்டும்.

நோயாளியைத் தொட்டுக் கற்பது போல் வருமா என்று கேட்டீர்கள். வராது. பொம்மையின் கழுத்து எல்லா நாளும் ஒரே கழுத்து. நிஜத்தில் குட்டையான கழுத்து, பருத்த கழுத்து, இருமிக்கொண்டே இருப்பவர், பயத்தில் கையைத் தட்டிவிடுபவர் என்று ஆளுக்கு ஆள் வேறு. பொம்மையில் நன்றாகச் செய்தவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே தைரியம் வந்துவிடும் ஆபத்தும் உண்டு. அதனால் பொம்மைக்குப் பிறகும் முதல் சில நோயாளிகளிடம் சீனியர் கையுறை போட்டுக்கொண்டு பக்கத்திலேயே நிற்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் நின்றால் போதாது.

இந்தியாவில் 2019-இல் வந்த புதிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தோடு ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியிலும் திறன் பயிற்சி லேப் இருக்க வேண்டும் என்றாகிவிட்டது. நல்ல விஷயம். ஆனால் ஆய்வுக்கு வருகிறவர்களுக்குக் காட்டிவிட்டுப் பூட்டிவைக்கும் அறையையும், பெட்டி பிரிக்காத பொம்மையையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதைப் பார்க்கும்போது கோபம்தான் வருகிறது. ஒரு கிராமத்து ஆஸ்பத்திரியில் தண்ணீர் ஊற்றிய பொம்மையை வைத்துக் குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

உங்கள் மகளின் கல்லூரி, மூன்று வாரம் நோயாளி பக்கம் விடாமல் பழக வைக்கிறது என்றால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அவளிடம் சில விஷயங்களைக் கேட்டுப் பாருங்கள். தேறினால்தான் வார்டுக்குப் போகலாம் என்று விதி இருக்கிறதா, இல்லை, மூன்று வாரம் முடிந்தால் எல்லாரும் போகலாமா? அவள் செய்யும்போது பட்டியலை வைத்துக்கொண்டு யாராவது பார்க்கிறார்களா? முடிந்ததும் உட்கார வைத்துப் பேசுகிறார்களா? மூன்று மாதம் கழித்துத் திரும்பக் கூப்பிடுவார்களா? இவற்றில் ஏதாவது இல்லையென்றால் சோர்ந்துபோக வேண்டாம். லேப் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து, தோழி ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டு வாரம் ஒரு மாலை போகச் சொல்லுங்கள். ஒருத்தி செய்யட்டும், இன்னொருத்தி பட்டியலில் டிக் அடிக்கட்டும், பிறகு மாற்றிக்கொள்ளட்டும். கைடு ஒயரைக் கையிலிருந்து விட்ட ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.